தேதி சொல்லப்படாத காத்திருப்பு

மார்பகப் புற்றுநோய் குறித்துத் தமிழில் இன்று எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. கட்டியை முன்கூட்டியே கண்டறிவது எப்படி என்று அறிவுறுத்துபவை ஒரு வகை. நோயிலிருந்து மீண்டவர்களின் அனுபவங்கள் மற்றொரு வகை. இரண்டும் தேவையானவைதாம். ஆனால் அறுவை முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்குத் திரும்பிய ஒரு பெண் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான அழைப்பை எதிர்பார்த்துக் கழிக்கும் வாரங்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. கட்டி அகற்றப்பட்டுவிட்டது, சிகிச்சை முடியவில்லை. குணமாகிவிட்டது என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியாது. நோயாளி என்று வீட்டில் ஓய்ந்து இருக்கவும் முடியாது. அந்த வாரங்கள் மாதங்களாக நீளும்போது என்ன நேர்கிறது, அதை எவ்வாறு எதிர்கொள்வது என்பது பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

தமிழிலக்கியம் கற்பிப்பது நம் தொழில். மருத்துவம் நம் துறையன்று. இங்கே வரும் மருத்துவச் செய்திகள் ஆய்விதழ்களில் வெளியாகிப் பரவலாக அறியப்பட்டவை. எந்தப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். நாம் வாதிட வருவது வேறொன்று. சிகிச்சையில் தாமதம் சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. காரணமும் தேதியும் சொல்லப்படாத தாமதமோ எப்போதும் தவிர்க்கக்கூடியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பி, ‘பொறுமையாக இருங்கள்’ என்ற ஒரே மருந்தை இரண்டுக்கும் கொடுத்து வருகிறோம்.

* * *

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இச்சிகிச்சைக்கு வழங்கும் பெயர் ‘கரண்ட் வைப்பது’. உண்மையில் உடலில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் இயந்திரமாயின் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களும், கோபால்ட் இயந்திரமாயின் காமா கதிர்களும் மார்பின் மீது செலுத்தப்படுகின்றன. அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தப்பி எஞ்சியிருக்கக்கூடிய நோயணுக்களை அழிப்பதே நோக்கம். மார்பகத்தை முழுதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் பெரும்பாலோர்க்கு இது தேவைப்படுகிறது. முழுதும் அகற்றியவர்களிலும், கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் நோய் காணப்பட்டாலோ, இதைப் பரிந்துரைப்பர். கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பத்தாண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு 35 விழுக்காட்டிலிருந்து 19 ஆகக் குறைவதைக் காட்டியது. பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது 25 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைந்தது. ஆகவே இது ‘வைத்தால் நல்லது’ என்ற அளவிலான சிகிச்சையன்று. அதற்காகக் காத்திருப்பவரின் பதற்றம் வெறும் மனப்பிரமையும் அன்று.

எனினும், காத்திருப்பு எல்லாம் ஒரே தன்மையதன்று என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நம் அவதானிப்பில் அதை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, சிகிச்சையின் பகுதியாகவே அமைந்த இடைவெளி. புண் ஆற வேண்டும். அறுவை நடந்த இடத்தில் நீர் கோத்திருந்தால் வற்ற வேண்டும். கீமோ தேவைப்படுபவருக்குப் பொதுவாக அதை முடித்துவிட்டே கதிர்வீச்சைத் தொடங்குகிறார்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகும். இதைத் தாமதம் என்று சொல்வதே பிழை. ஆனால் இந்த வரிசையை யாரும் விளக்கிச் சொல்லாவிட்டால், ‘நம்மை மறந்துவிட்டார்கள்’ என்றே அந்தப் பெண் எண்ணுவார்.

இரண்டாவது, திட்டமிடலுக்கான நாள்கள். சிகிச்சை பெறும் நிலையில் படுக்கவைத்து சி.டி. ஸ்கேன் எடுத்து, தோலில் மையால் குறிகள் இட்டு, அவை அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள். அதன்பின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு குறைவாகக் கதிர் படும்படி செய்யலாம் என்று மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் கணக்கிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடவாததுபோலத் தோன்றும் இந்நாள்களில்தான் நுட்பமான வேலை நடக்கிறது.

மூன்றாவது, வசதிக் குறைவால் வரும் தாமதம். இயந்திரம் பழுது, நீண்ட வரிசை, காப்பீட்டு அனுமதி வராமை ஆகியவை இதில் அடங்கும். நான்காவது, வீட்டிலிருந்து வருவது. துணைக்கு ஆள் இல்லை, மகளுக்குத் தேர்வு, நாள்தோறும் நகரத்துக்குப் போய்வரப் பணமில்லை, தோல் கருகிவிடும் என்று யாரோ சொன்ன பயம். இந்த நான்கில் தம்முடையது எது என்று அறிந்தவரால் ஏதேனும் செய்ய முடியும். அறியாதவரால் கவலைப்பட மட்டுமே முடியும்.

* * *

மூன்றாவது வகையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 1980களில் சென்னையில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அவ்விடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. மக்கள்தொகையில் பத்து லட்சம் பேருக்கு ஒரு கதிர்வீச்சு இயந்திரமாவது வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல்; இந்தியா இன்னும் அதை எட்டவில்லை. இருக்கும் இயந்திரங்களும் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கின்றன.

கோபால்ட் இயந்திரத்துக்கு இன்னொரு இடர் உண்டு. அதன் உள்ளே இருக்கும் கோபால்ட்-60 இன் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்போது அதே அளவு கதிரைத் தர ஏறத்தாழ இருமடங்கு நேரம் பிடிக்கும். ஒரு நோயாளியின் நேரம் கூடும்போது நாளொன்றுக்குச் சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை குறைகிறது; வரிசை நீள்கிறது. தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த இயற்பியல் தெரியாது. நேற்று வரை நாற்பது பேரைப் பார்த்த இடத்தில் இன்று முப்பது பேரை மட்டும் ஏன் பார்க்கிறார்கள் என்று அவர் திகைக்கிறார்.

வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத் தயங்குவதால்தான் மனக்கசப்பு வளர்கிறது. தலை, கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகள் பலருக்குக் கட்டி உடலிலேயே இருக்கும். கதிர்வீச்சே அவர்களுக்கு முதன்மைச் சிகிச்சை. தொடங்கிய பின் இடையில் நின்றுவிட்டால் பலன் குறையும் நோய்கள் அவை. மார்பக அறுவை முடிந்தவருக்கோ கட்டி வெளியே வந்துவிட்டது. எனவே இயந்திரம் ஒன்றே இருக்கும் இடத்தில் மருத்துவர் முன்னவர்களுக்கு முதலிடம் தருகிறார். இது நியாயமான முடிவு என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் நியாயமான முடிவைச் சொல்லாமல் மறைத்தால், அது அலட்சியமாகவே பொருள்கொள்ளப்படும். ‘உங்களுக்குப் பின்னால் வந்த பெரியவருக்குத் தொண்டையில் கட்டி இருக்கிறது, அவருக்கு இன்று தொடங்காவிட்டால் ஆபத்து, உங்களுக்கு மூன்று வாரம் பொறுக்கலாம்’ என்று சொன்னால் புரிந்துகொள்ளாத பெண்கள் நம் ஊரில் மிகச் சிலரே இருப்பர்.

எத்தனை வாரம் பொறுக்கலாம் என்பது அடுத்த கேள்வி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அறுவைக்குப் பின் எட்டு வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்கியவர்களில் ஐந்தாண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியது 5.8 விழுக்காடு என்றும், ஒன்பது முதல் பதினாறு வாரங்களில் தொடங்கியவர்களில் 9.1 விழுக்காடு என்றும் கண்டது. இந்த எண்களை இரு வழியிலும் படிக்க வேண்டும். தாமதத்துக்கு விலை உண்டு. நூறு பெண்களில் மூவர் அதைச் செலுத்துகிறார்கள். அதே வேளையில், தாமதமானவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. எட்டாவது வாரம் முடிந்த மறுநாள் கதவு மூடிவிடுவதில்லை. முதற்செய்தி நிர்வாகத்தின் காதில் விழ வேண்டியது. இரண்டாவது செய்தி, இரவில் உறங்காமல் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் காதில் விழ வேண்டியது. நடப்பில் இது தலைகீழாகிவிடுகிறது. நிர்வாகம் ‘ஒன்றும் ஆகாது’ என்று ஆறுதல் கொள்கிறது. பெண் ‘எல்லாம் போயிற்று’ என்று அஞ்சுகிறார்.

இது ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1990களின் இறுதியில் வரிசை மிக நீண்டுபோக, 1999இல் நோயாளிகளை எல்லை தாண்டி அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மார்பக அறுவைக்குப் பின் எட்டு வாரங்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்த பெண்களின் சார்பில் அங்கே ஒரு கூட்டு வழக்கு தொடரப்பட்டது. மருத்துவமனைகளுக்கு எதிராக அவ்வழக்கை நடத்த 2004இல் நீதிமன்றம் அனுமதித்தது. அரசுக்கு எதிராக அனுமதிக்கவில்லை. தீர்ப்பின் நுணுக்கங்கள் எப்படியாயினும், ‘எங்களைக் காக்கவைத்தது ஒரு தீங்கு’ என்று அப்பெண்கள் சட்டத்தின் மொழியில் சொன்னார்கள். நம் பெண்கள் அதைச் சொல்ல இன்னும் சொற்களே அமையவில்லை.

* * *

சொற்கள் என்றவுடன் நம் துறைக்கு வந்துவிடுகிறோம். காத்திருப்பைப் பற்றித் தமிழ் எண்ணியதுபோல ஆழமாக எண்ணிய மொழிகள் குறைவு. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல். பிரிந்து சென்ற தலைவன் வருமளவும் ஆற்றியிருக்கும் தலைவியின் நிலை அது. வகுப்பில் இதைக் கற்பிக்கும்போது, அவளுடைய பொறுமையையே புகழ்ந்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் முல்லையின் இருத்தலுக்கு ஓர் அடிப்படை உண்டு. கார்காலம் தொடங்கும்போது வருவேன் என்று அவன் காலம் குறித்துச் சென்றிருக்கிறான். முதல் மழை, பூத்த முல்லை, மாலைப்பொழுது எல்லாம் அந்தத் தவணையின் அடையாளங்கள். அவள் ஆற்றியிருப்பதற்கு அந்தத் தவணையே பற்றுக்கோடு. அப்பற்றுக்கோடு தளர்ந்த இடத்தில் வருவது நெய்தலின் இரங்கல். முல்லையையும் நெய்தலையும் பிரிப்பது தலைவியின் மனவலிமை மட்டுமன்று. அவளுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கின் உறுதியும் ஆகும்.

இன்று நம் மருத்துவமனைகளும் குடும்பங்களும் முல்லைத் தலைவியின் பொறுமையைக் கேட்கின்றன. தவணையை மட்டும் கொடுப்பதில்லை. காத்திருத்தல் பெண்ணுக்கு இயல்பு என்ற பழைய எண்ணம் இதற்கு வசதியாக இருக்கிறது. வாக்குக் கொடுத்தவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லாமல், காத்திருப்பவளுக்கு மட்டும் கற்பு விதிக்கப்பட்ட கதைதான் இது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்கிறார்கள். யாரோ யாருக்கோ சொல்லும் சொல்லை நற்சொல்லாகக் கொண்டு, ‘உன் தலைவன் வருவான்’ என்று தலைவியைத் தேற்றுகிறார்கள். கதிர்வீச்சுத் துறையின் வாசலில் நடப்பதும் விரிச்சி கேட்டல்தான். செவிலியர் தொலைபேசியில் வேறு யாரிடமோ பேசும் அரைவாக்கியம், இன்ஜினியர் ஒருவர் கருவிப்பெட்டியோடு உள்ளே போவது, பக்கத்து இருக்கைப் பெண் ‘அக்கா, அடுத்த வாரம் கூப்பிடுவாங்களாம்’ என்று சொல்வது ஆகியவற்றிலிருந்தே தங்கள் தேதியை ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறு வழியில்லை. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் இது தேவையா?

நாம் அறிந்த நூலகர் ஒருவருக்கு இவ்வாறு மூன்று முறை தேதி தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது ‘அடுத்த திங்கள் போன் பண்ணிப் பாருங்கம்மா’ என்பது மட்டுமே. நான்காம் முறை அவர் பொறுப்பு மருத்துவரை நேரில் கண்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: ‘பட்டியலில் எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எவ்வளவு நாள் தாண்டினால் நீங்களே கவலைப்படுவீர்கள்?’ மருத்துவர் பதிவேட்டைப் பார்த்து, பத்தொன்பது பேர் என்றார். ஓர் உதிரிபாகம் வர வேண்டியிருக்கிறது என்றார். இரண்டு வாரத்தில் அழைக்காவிட்டால் வேறிடத்துக்குத் தாமே கடிதம் தருவதாகவும் சொன்னார். தேதி ஒருநாளும் முன்னுக்கு வரவில்லை. எனினும் அன்றுதான் பல நாள்களுக்குப் பின் நன்றாக உறங்கியதாக அவர் எங்களிடம் சொன்னார். அந்தப் பதினான்கு நாள்களும் அவருக்கு எண்ணி முடிக்கக்கூடிய நாள்களாக இருந்தன.

* * *

காத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என் தாமதத்துக்குக் காரணம் உடல்நிலையா, திட்டமிடலா, இயந்திரமா, காப்பீடா? எனக்கு எந்த வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்? ஹார்மோன் சார்ந்த நோயாயின், டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரையை இப்போதே தொடங்கலாமா? குறைந்த நாள்களில் முடியும் சிகிச்சை முறை எனக்குப் பொருந்துமா? வேறு மருத்துவமனைக்குப் போவதாயின் எந்த ஆவணங்கள் வேண்டும்? அறுவைக் குறிப்பு, நோய்க்கூற்றியல் அறிக்கை, கீமோ விவரம் ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் வைத்திருப்பது இக்காலத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்வது நல்லது. மருத்துவர் எதிரில் அமர்ந்ததும் மறந்துவிடுவது எல்லார்க்கும் இயல்பு.

உடலையும் ஆயத்தம் செய்ய வேண்டும். கதிர்வீச்சின்போது அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பல நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்திருந்தவருக்குத் தோள் இறுகிவிடும். வரிசையில் தம் முறை வந்த நாளில் கை உயராமல், பயிற்சி செய்து வருமாறு திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. சுவரில் விரல்களால் மெல்ல ஏறும் எளிய பயிற்சியை, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து செய்துவந்தால், காத்திருக்கும் வாரங்களும் சிகிச்சையின் பகுதியாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ‘ஏன் இன்னும் கூப்பிடவில்லை?’ என்று அவரிடம் கேட்பதை நிறுத்தலாம். அக்கேள்விக்கு விடை அவரிடம் இல்லை. தொலைபேசியில் விசாரிப்பதையும், காப்பீட்டு அலுவலரைச் சென்று பார்ப்பதையும் கணவரோ மகனோ ஏற்றுக்கொள்ளலாம். அறுவை முடிந்துவிட்டதே என்று சமையலறையைத் திரும்ப ஒப்படைக்காமல் இருக்கலாம்.

* * *

இவையெல்லாம் தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால் காத்திருப்பைத் தாங்கக் கற்றுக்கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. காத்திருப்பைக் குறைக்கவும் வழி உண்டு. அவற்றுள் சில புதிய இயந்திரம் வாங்காமலே செய்யக்கூடியவை.

நெடுங்காலம் மார்பகக் கதிர்வீச்சு 25 முறைகளாக, ஐந்து வாரங்களுக்குத் தரப்பட்டது. 15 முறைகளில், மூன்றே வாரங்களில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்பதை 2,215 பெண்களைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2008இல் காட்டியது; பத்தாண்டுத் தொடர்முடிவுகளும் 2013இல் வெளிவந்து அதை உறுதிசெய்தன. 2020இல் வெளியான மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து முறைகளாகத் தருவதும் ஐந்தாண்டு அளவில் அதற்கு ஈடானதே என்று கண்டது. எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தாது என்பது உண்மை. பொருந்துபவர்கள் பலர் என்பதும் உண்மை. எளிய கணக்கு ஒன்று போடலாம். 25 முறை வீதம் மூன்று பெண்களுக்குச் செலவாகும் 75 இடங்களில், 15 முறை வீதம் ஐந்து பெண்களுக்குச் சிகிச்சை முடிந்துவிடும். தென்கோடியிலிருந்து வந்து வாடகை அறையில் தங்குபவருக்கு இரண்டு வாரக் கூலியும் வாடகையும் மிச்சம். பழைய முறையே போதும் என்றிருக்கும் இடங்கள், தங்கள் வாசலில் இருக்கும் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர் மாறிய ஏற்பாடு எத்தனையோ ஏழைப் பெண்களுக்குச் சிகிச்சையைச் சாத்தியமாக்கியிருக்கிறது. அதன் முன் அனுமதியை அறுவை முடிந்த வாரத்திலேயே கோரித் தொடங்கிவிட்டால், அது வருவதற்கும் புண் ஆறுவதற்கும் காலம் சரியாக இருக்கும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று வரிசைப்படுத்துவதால்தான் வாரங்கள் வீணாகின்றன.

மூன்றாவது, ஒரு தாள். அறுவை முடிந்து அனுப்பும்போதே, இன்ன வாரம் புண் பார்க்கப்படும், இன்ன வாரத்துக்குள் திட்டமிடல், இன்ன தேதிக்குள் முதல் நாள், அது தவறினால் அழைக்க வேண்டிய எண் என்று தமிழில் எழுதிக் கையில் கொடுக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடோ வெளிநாட்டு இறக்குமதியோ வேண்டியதில்லை. தேதி மாறினால் மாறியதென்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ரயில் தாமதத்தை அறிவிக்கும் பண்பாடு நமக்கு இருக்கிறதே.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டுகள் போராடி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இந்நோய்க்குச் சிகிச்சையே வீண் என்று கருதப்பட்ட காலம் அது. சிகிச்சை உண்டு என்பதை அந்தத் தலைமுறை நிலைநாட்டியது. அது உரிய காலத்தில் கிடைக்கும், கிடைக்காவிடின் காரணம் சொல்லப்படும் என்பதை நிலைநாட்டும் வேலை நம் தலைமுறைக்கு உரியது. அதுவரை, காத்திருக்கும் பெண்ணிடம் பொறுமையைப் பற்றிப் பேசுமுன், அவருக்குரிய தேதியை யாரிடம் கேட்டுப் பெறுவது என்று பார்ப்போம்.